பெட்டியில் அச்சிட்ட எண்ணும் சோதனையில் நின்ற எண்ணும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ராம். புதிதாக ஒரு டெஸ்க்டாப் கட்டும்போது, வேகமும் வேண்டும், நிலைத்து நிற்கவும் வேண்டும் என்றால், எந்த நினைவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்கு ஒரு சொற்பொழிவா, ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சொல்லிவிடுவார்கள். "பட்ஜெட் எவ்வளவு சார்? இது 6000, அது 7200. கூடுதல் எண் வேணும்னா கூடுதல் காசு." அவ்வளவுதான். அந்த எண் எங்கே பிறக்கிறது, யார் அதற்குப் பொறுப்பு, உங்கள் வீட்டு மேஜையில் அது நிற்குமா நிற்காதா என்பதை அரை நிமிஷத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தேர்தல் செய்தி.

2003-ம் ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தில் பொதுத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக் பகுதியில் மின்னணு வாக்குப்பதிவு. எண்ணி முடித்துப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு, கணக்குப்படி கிடைக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருக்கின்றன. மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக இருந்த வாக்குகள் சரியாக 4096. இந்த எண்ணைக் கேட்டதும் இங்கே இருக்கும் கம்ப்யூட்டர் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாம் அடுக்கில் வருவது 4096. நினைவகத்தில் ஒரே ஒரு பிட், பூஜ்ஜியமாக இருந்தது ஒன்றாக மாறியிருக்கிறது. மென்பொருளில் பிழை தேடினார்கள், கிடைக்கவில்லை. பிட் தானாகப் புரண்டதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். விண்வெளியிலிருந்து வந்த கதிரின் வேலையாக இருக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு நேரடிச் சாட்சி கிடையாது.

நான் கேட்பது இதுதான். கணக்குக்குப் பொருந்தாத எண் வந்ததால் அது பிடிபட்டது. பொருந்துகிற மாதிரி வந்திருந்தால்? நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிட் புரண்டால் அது எதில் புரளும்? குழந்தையின் போட்டோவிலா, வருமான வரிக் கணக்கிலா, மூன்று மாதம் உழைத்த ப்ராஜெக்ட்டிலா? யார் மறுபடி எண்ணுவார்கள்?

பிட் ஏன் புரள்கிறது என்று தெரிய வேண்டுமானால் ராம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். 1966-ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பிட்டைச் சேமிக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரே ஒரு சின்ன கெப்பாசிட்டர் போதும். மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்ஜியம். 1968-ல் காப்புரிமை கிடைத்தது. உலகத்தில் இன்று ஓடும் டெஸ்க்டாப், லேப்டாப், போன் எல்லாவற்றிலும் உள்ள, டிராம் எனப்படும் ராம் சிப்பில் அந்த யோசனைதான் இருக்கிறது.

அதில் ஒரு சங்கடம். அந்தக் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்காது, கசிந்துகொண்டே இருக்கும். மறுபடி மறுபடி நிரப்பாவிட்டால் மறந்துவிடும். டிடிஆர் 4 தலைமுறை ராமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி விநாடிக்குள் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். டிடிஆர் 5-ல் 32 மில்லி விநாடி. நீங்கள் வாங்கப்போகும் 32 ஜிபி ராமில் சுமார் 27,500 கோடி பிட்டுகள் இருக்கின்றன. அத்தனையும் விநாடிக்கு முப்பது தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படுகின்றன. சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு அதிகமாகும், புதுப்பிக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்று தர விதியே சொல்கிறது. இப்படிப்பட்ட ஒரு பொருளைத்தான் நாம் இன்னும் வேகமாக ஓடு, இன்னும் வேகமாக ஓடு என்று விரட்டுகிறோம்.

சரி, வேகத்துக்கு வருவோம். பெட்டியின் மேல் டிடிஆர் 5, 6000, சிஎல் 30 என்று அச்சடித்திருக்கும். 6000 என்றால் என்ன? விநாடிக்கு 600 கோடி தடவை தரவு கைமாறுகிறது. ஒரு தடவைக்கு 8 பைட். பெருக்கினால் விநாடிக்கு 48 ஜிபி. இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் போட்டால் 96 ஜிபி. பழைய டிடிஆர் 4, 3200-ல் இதே கணக்கு 51.2 ஜிபிதான். ஏறத்தாழ இரட்டிப்பு.

ஆனால் சிஎல் என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் பார்க்கிறார்கள்? கேட்ட தரவு வர எத்தனை கடிகாரத் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிஎல். அதை நானோ விநாடியாக மாற்றுவது மிகச் சுலபம். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்குங்கள், வேக எண்ணால் வகுங்கள். 6000 ராமுக்கு சிஎல் 30 என்றால் 60,000-ஐ 6000-ஆல் வகுக்க, 10 நானோ விநாடி. அதே 6000-க்கு சிஎல் 40 என்றால் 13.3. டிடிஆர் 4, 3200, சிஎல் 16? அதுவும் 10. டிடிஆர் 3, 1600, சிஎல் 8? அதுவும் 10!

கவனித்தீர்களா? டிடிஆர் 3 வந்தது 2007-ல். டிடிஆர் 5-க்குத் தர விதி வந்தது 2020-ல். பெட்டியில் உள்ள வேக எண் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிவிட்டது. நல்ல ராமில் அந்தக் காத்திருப்பு நேரம் நகரவே இல்லை. ஆகவே கடைக்குப் போனால் ஒரு எண்ணைக் கேட்காதீர்கள், இரண்டு எண்ணையும் கேளுங்கள். 5600 சிஎல் 46 என்றால் 16.4 நானோ விநாடி. 6000 சிஎல் 30 என்றால் 10. கைபேசியிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள், விற்பவர் முன்னாலேயே போடுங்கள்.

இப்போது இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். பெட்டியில் உள்ள எண்ணுக்கு யார் உத்தரவாதம்?

ராம் தயாரித்த கம்பெனியா? அவர்கள் தங்கள் ஸ்டிக் அந்த வேகத்தில் ஓடும் என்று சோதித்து அனுப்புகிறார்கள். உங்கள் பிராசசரில் ஓடும் என்று அவர்களால் சொல்ல முடியாது. மதர்போர்டு கம்பெனியா? தங்களிடம் சோதித்த ராம்களின் பட்டியலை வெளியிடுகிறார்கள்; அதற்குமேல் பொறுப்பில்லை. பிராசசர் கம்பெனியா? ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வரைதான் அதிகாரபூர்வம் என்கிறது. ரைசன் 9000-க்கு 5600. இன்டெல் 14-ம் தலைமுறைக்கும் 5600. அப்படியானால் 6000, 7200 எல்லாம் என்ன? அவை ஓவர்கிளாக்கிங். ஆம், எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் ஒரு பட்டனைத் தட்டுகிறோமே, அதுவும் ஓவர்கிளாக்கிங்தான். டிடிஆர் 5-க்கு விதிப்படி 1.1 வோல்ட். அந்தப் பட்டனைத் தட்டினால் பல ஸ்டிக்குகள் 1.35, 1.4 வோல்ட்டுக்குப் போகின்றன.

கச்சேரியில் பாடகர் மட்டும் துரித காலத்தில் பாடினால் போதுமா? மிருதங்கமும் வயலினும் கூடவே வர வேண்டாமா? ஸ்டிக், மதர்போர்டு, பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த எண் உங்களுடையது.

ஒத்துப்போக வைக்க அளவு மீறி அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2023 ஏப்ரலில் கிடைத்தது. ரைசன் 7000 எக்ஸ்3டி வகைப் பிராசசர்கள் சிலரிடம் சாக்கெட்டிலேயே கருகிப்போயின. அடிப்பக்கம் உப்பிப்போன படங்கள் உலகமெங்கும் சுற்றின. எக்ஸ்போவை இயக்கியதும் சில போர்டுகள், ராம் தடுமாறாமல் ஓடட்டும் என்று, மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை மிகையாக ஏற்றியிருந்தன. ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. போர்டு கம்பெனிகள் அவசரமாகப் புது பயாஸ் வெளியிட்டன. ஒரு பட்டன்தான், ஒரே ஒரு பட்டன். அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

அதனால் எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் வேண்டாமா? வேண்டும்! அதை இயக்காவிட்டால் 6000 ராம் வாங்கிய காசெல்லாம் வீண். அது பேசாமல் 4800-லோ 5600-லோ ஓடிக்கொண்டிருக்கும். வாங்கி ஒரு வருஷம் ஆகியும் இது தெரியாதவர்கள் நிறையப் பேர். நான் சொல்வது, பயாஸைப் புதுப்பித்த பிறகு இயக்குங்கள், இயக்கிய பிறகு சோதியுங்கள்.

அடுத்த கேள்வி. எத்தனை வேகம் போதும்?

ரைசன் 7000, 9000 கட்டுகிறவர்களுக்கு என் பதில் 6000, சிஎல் 30. ஏன்? அந்த வேகத்தில் ராமின் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ், பிராசசருக்குள் உள்ள மெமரி கன்ட்ரோலரும் 3000. ஒன்றுக்கு ஒன்று. 6400-ஐ ஒட்டி இந்த ஜோடி பல பிராசசர்களில் தளர ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து 7200 வாங்கி, கன்ட்ரோலரை 1800-ல் ஓடவிடுவது யாருக்கு லாபம்? பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி பிராசசர் என்றால் ராம் வேகத்தால் வரும் வித்தியாசம் இன்னும் குறைவு. இன்டெல் பக்கம் கதை சற்று வேறு. கோர் அல்ட்ரா 200 வரிசை, ஸ்டிக்கிலேயே தனிக் கடிகாரச் சிப் வைத்த சியூடிம் வகை ராமோடு சேர்ந்தால் 6400 வரை அதிகாரபூர்வமாகவே போகும். அதற்கு மேலும் போகலாம். போர்டு ஒத்துழைக்க வேண்டும்.

அடுத்த கேள்வி. இரண்டா, நான்கா?

மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது. இப்போது இரண்டு போடுவோம், அடுத்த தீபாவளிக்கு இன்னும் இரண்டு போடுவோம் என்று எல்லாரும் நினைக்கிறோம். டிடிஆர் 3 காலத்தில் அது நடந்தது. டிடிஆர் 5-ல் அந்தக் கணக்கு உதவாது. ஏஎம்டி என்ன சொல்கிறது தெரியுமா? நான்கு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600. ஆமாம், 3600! இரண்டு ஸ்டிக்கில் 6000 ஓடிய மெஷின், நான்கு போட்டதும் திரையே காட்டாமல் நிற்கலாம். அதே கம்பெனி, அதே மாடல் எண் என்று பார்த்து வாங்கினாலும், ஆறு மாதம் கழித்து வந்த ஸ்டிக்கில் உள்ளே வேறு சிப் இருக்கலாம். உலகத்தில் டிராம் சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றுதான். மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை இந்தச் சிப்புகளை வாங்கிப் பதித்து விற்பவை.

ஆகவே ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கும் கிட்டை வாங்குங்கள். 32 ஜிபி வேண்டுமா, இரண்டு 16. நான்கு வருஷம் கழித்து 64 தேவைப்படும் என்று தெரிகிறதா, இன்றைக்கே இரண்டு 32. நடுவில் ஒன்று வேண்டுமா, இரண்டு 24 வாங்கினால் 48. போர்டு கம்பெனியின் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். நான்கு ஸ்லாட் போர்டில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லிப் பெரும்பாலான போர்டுகளின் கையேட்டில் இருக்கும். முதலாவதிலும் இரண்டாவதிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, "விநாடிக்கு 96 ஜிபி வரவில்லையே" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

வாங்கியாகிவிட்டது. மாட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டியாகிவிட்டது. பவர் பட்டனை அமுக்குகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். வியர்க்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பிடுங்காதீர்கள்! டிடிஆர் 5-ல் முதல் தடவை இயக்கும்போது போர்டு ஒவ்வொரு மின்கம்பியிலும் சிக்னல் எந்த நொடித்துணுக்கில் வந்து சேர்கிறது என்று அளந்து ஒழுங்கு செய்துகொள்ளும். அதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். ஸ்டிக் பெரிதாக இருந்தால் இன்னும் நேரமாகும். பத்து நிமிஷமாவது பொறுத்திருங்கள். பொறுமையும் இந்த அசெம்பிளியில் ஒரு பாகம்தான்.

திரை வந்துவிட்டது, விண்டோஸ் ஏறிவிட்டது, கேம் ஓடுகிறது. வேலை முடிந்ததா? இல்லை. முக்கியமான வேலையே இனிமேல்தான்.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று ஒரு இலவச மென்பொருள். ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க வேண்டும். ராமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும். இரவு தூங்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பிழை எத்தனை இருக்கலாம்? பூஜ்ஜியம். ஒன்று? கூடாது. 27,500 கோடியில் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள், ஸ்கார்பேக்கிலும் ஒன்றுதான். அதில் தேறினால் விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5, ஓசிசிடி போன்ற கடுமையான சோதனைகளைச் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஏசி போடாத அறையிலேயே ஓட விடுங்கள். ஜனவரி மாத இரவில் தேறியது மே மாத அக்னி நட்சத்திர மதியத்தில் தேற வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிழை வந்தால்? பயப்பட வேண்டாம். 6000-லிருந்து 5600-க்கு இறங்குங்கள், மறுபடி சோதியுங்கள். எந்த வேகத்திலும், எக்ஸ்போவை அணைத்த பிறகும் பிழை வந்தால் ஸ்டிக்கில் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது என்று கண்டுபிடியுங்கள். பில்லோடு போய் வாரன்டியில் மாற்றுங்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே திருப்பிக் கொடுங்கள்.

சோதித்தாயிற்று, இனி ஆயுளுக்கும் கவலையில்லையா? இன்னொரு உதாரணம் சொல்கிறேன். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ். 2022 அக்டோபரில், 6.1 பதிப்புக்கு உலகமெங்கிலுமிருந்து வரும் மாற்றங்களைச் சேர்க்கும் மும்முரமான நேரம். அவருடைய த்ரெட்ரிப்பர் மெஷினில் கம்பைல் செய்தால் காரணமே இல்லாமல் நின்றுபோகிறது. ஒரு இடத்தில் நின்றால் காரணம் தேடலாம், தடவைக்கு ஒரு இடத்தில் நின்றால் என்ன செய்வது? கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒரு ராம் ஸ்டிக். முந்தைய ஆண்டே, பிழை திருத்தும் இசிசி ராமைச் சாதாரண மக்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக இன்டெலைக் காரசாரமாகத் தாக்கி எழுதியவர் அவர். அவருடைய மெஷினிலேயே அப்போது இசிசி இருக்கவில்லை.

2009-ல் கூகுளும் டொரான்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. ஒரு வருஷத்தில் சுமார் 8 சதவீத ராம் ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு பிழையாவது பதிவாகியிருந்தது. சர்வர்களில் இசிசி இருந்ததால் பிழை தெரிந்தது, திருத்தப்பட்டது. நம் வீட்டில்?

"டிடிஆர் 5-லேயே இசிசி இருக்கிறதே" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. சிப்புக்குள் நடக்கும் ஒற்றைப் பிழையைச் சிப்பே திருத்திக்கொள்ளும். சிப்பிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் நடக்கும் பிழையை அது பார்க்காது, நடந்ததையும் உங்களிடம் சொல்லாது. வேகத்தை ஏற்றும்போது பிழை அதிகம் நுழைவது அந்த வழியில்தான். கணக்கு அலுவலகம், ஆய்வுத் தரவு, ஊரார் போட்டோக்களைச் சேமித்து வைக்கும் ஸ்டுடியோ என்று தொழிலுக்காகக் கட்டுகிறவர்கள் முழு இசிசி ராமையும் அதை ஏற்கும் போர்டையும் கேட்டு வாங்குங்கள். வேக எண் குறையும். குறையட்டும்.

நண்பர்களே, 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை எப்படி ஏறியது என்று பார்த்தீர்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான், கடைகளில் நமக்கு விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. ராம் தங்கம் போல ஆகும் காலத்தில் கலப்படமும் வரும். லேபிள் மாற்றி ஒட்டியது வரும், பழையதைப் புதிதென்று விற்பது வரும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கைமாறி வந்ததாக இருந்தால் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

தொகுத்துச் சொல்கிறேன். வேகத்தோடு சிஎல்லையும் பாருங்கள். ஜோடியாக வாங்குங்கள், இரண்டோடு நிறுத்துங்கள். போர்டின் பட்டியலைப் பாருங்கள். பயாஸைப் புதுப்பித்துவிட்டு எக்ஸ்போவை இயக்குங்கள். ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி சோதியுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண் விற்பவருடையது. சோதனையில் பிழையில்லாமல் நின்ற எண்தான் உங்களுடையது. அது 6000 ஆக இருந்தால் மகிழுங்கள், 5600 ஆக இருந்தாலும் மகிழுங்கள். இந்த அரங்கிலிருந்து போகிறவர்களில் சொந்தமாக டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், இன்று இரவே ஒரு பென் டிரைவை எடுத்து அந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.